டிக்கெட் போட்டால் வருவீர்களா, சார்?

எங்கள் மாநாட்டில் காலி நாற்காலிகளைக் காட்டி நண்பர் ஒருவர் பதிவு போட்டாரே, அந்த போட்டோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி வரைக்கும் அதை எனக்கே ஃபார்வர்டு செய்துகொண்டிருக்கிறார்கள், "உங்க நிகழ்ச்சிதானே இது?" என்று ஒரு சிரிப்பு பொம்மையையும் சேர்த்து. ஆமாம், எங்கள் நிகழ்ச்சிதான். கிண்டி ஹோட்டல்தான். மதியம் இரண்டரை மணிக்குப் பாதி நாற்காலி காலியாக இருந்ததும் உண்மைதான். "ஓசிச் சோறு முடிந்தது, அறிவுத் தேடலும் முடிந்தது" என்று நண்பர் எழுதியதை நானும் படித்தேன், கீழே வந்த கமெண்டுகளையும் படித்தேன், அதில் எங்கள் சாம்பாரைச் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் பார்த்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் படம் எடுத்த கோணத்தைப் பாருங்கள். கதவுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தது. அதாவது கிளம்பும்போது எடுத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரிய கம்பெனிகளின் ஐடி தலைவர்கள், நிதித் தலைவர்கள், சில சமயம் முதலாளிகளே கூட, இவர்களைக் கூட்டி வைத்து சர்வர், கிளவுட், ஈஆர்பி (கம்பெனியின் கணக்கு, சரக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருள்), செக்யூரிட்டி என்று ஊர் ஊராகத் தொடர் மாநாடு நடத்துவதுதான் என் பிழைப்பு. இந்தத் தொடருக்குக் காசு ஸ்பான்சர்களிடமிருந்து வருகிறது. இது ரகசியமே இல்லை, பேக்டிராப்பில் ஒரு கைக்குட்டை அளவு இடம் விடாமல் லோகோ போட்டிருக்கிறோம். திடீரென்று கண்டுபிடித்தமாதிரி "ஸ்பான்சர் காசில் நடக்கும் மாநாட்டில் என்ன நேர்மை இருக்கும்" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? யாராவது காசு கட்டாமல் மாநாடு நடக்காது. நீங்கள் கட்டமாட்டீர்கள் என்பதால் அவர்கள் கட்டுகிறார்கள்.

டிக்கெட் போட்டால் வருவீர்களா, சார்?

போட்டுப் பார்த்தோம். கொரோனாவுக்கு முன்னால், தி.நகரில் ஒரு நடுத்தர ஹால், ஸ்பான்சரே கிடையாது, ஒரு நாளைக்கு 1,500 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. தலைப்புகள் எல்லாம் நீங்களே எங்களிடம் "இதையெல்லாம் யாருமே பேசறதில்லையே" என்று குறைப்பட்டுக்கொண்டவை. என்ன ஆனது? வந்த போன்களில் முக்கால்வாசி "காம்ப்ளிமென்டரி பாஸ் இருக்கா?" என்பதுதான். வருஷத்துக்குப் பல கோடி ரூபாய்க்கு லைசென்ஸ் வாங்கிக் கையெழுத்துப் போடுகிறவர், 1,500 ரூபாய்க்கு "கம்பெனி அப்ரூவல் வாங்கணும், ப்ரொசீஜர் இருக்கு" என்றார். கடைசியில் வந்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு வந்த சின்னக் கம்பெனிக்காரர்கள்தான். அந்த நாளில் நான் இழந்த தொகையை இங்கே எழுதினால் என் மனைவி படித்துவிடுவாள், விடுங்கள்.

ஸ்டார் ஹோட்டலில் ஒரு தட்டுச் சாப்பாடு 2,000 ரூபாய்க்கு மேல், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வருகிறேன் என்று சொன்னவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள், ஆனால் ஹோட்டலுக்கு இத்தனை தட்டு என்று முன்கூட்டியே உறுதி கொடுத்துவிட்டால் வந்தாலும் வராவிட்டாலும் பில் அதுதான். எல்இடி வால், சவுண்டு, மேடை, வெளியூர்ப் பேச்சாளரின் விமானம், அவர் தங்கும் அறை, அப்புறம் உங்கள் டிரைவர்களுக்கும் சாப்பாடு. இதையெல்லாம் யார் தருவது?

மார்கழியில் சபாவுக்குப் போகிறவர்களுக்கு இது புரியும். மேடைக்குப் பின்னால் நகைக்கடை பெயர், பேங்க் பெயர், எண்ணெய்க் கம்பெனி பெயர், எல்லாம் தொங்கும். அதற்காக வித்வான் தோடி ஆலாபனையை நடுவில் நிறுத்திவிட்டு "எங்களிடம் சேதாரம் குறைவு" என்று சொல்வதில்லை. பேனர் விற்றார்கள், பாட்டை விற்கவில்லை. நான் சொல்வதும் அவ்வளவுதான். லோகோ விற்கலாம், ஸ்டால் விற்கலாம், காபி கப்பில் பெயர் போட விற்கலாம். மேடையை விற்கக் கூடாது.

"ஆனா நீங்க மேடையையும்தானே விக்கறீங்க?" என்பீர்கள். தெரியும், இந்த இடத்தில் வருவீர்கள் என்று. எங்கள் தொழிலில் பலர் விற்கிறார்கள், மறுக்கவில்லை. அதிகக் காசு கொடுக்கும் டைட்டில் ஸ்பான்சருக்குக் கீநோட் என்ற முக்கியப் பேச்சு, அடுத்த நிலையான கோல்டுக்குப் பேனலில் (கூட்டுக் கலந்துரையாடலில்) ஒரு நாற்காலி, அதற்கும் கீழான சில்வருக்கு பத்து நிமிஷ ஸ்லாட் என்று ரேட் கார்டே இருக்கிறது. சாயங்காலத்துக்குள் மேடையேறிய எட்டுப் பேரில் ஆறு பேர் ஒரே ஸ்லைடைக் காட்டியிருப்பார்கள், நடுவில் ஒரு மேகப் படம், சுற்றி அம்புக்குறிகள். "பத்தே நிமிஷம்" என்று ஏறியவர் நாற்பதாவது நிமிஷத்தில் "லெட் மீ குவிக்லி ஷோ எ டெமோ" என்பார், வைஃபை வேலை செய்யாது. நானும் கடைசி வரிசையில் நின்று பல்லைக் கடித்தவன்தான். இதற்காகத்தான் எங்கள் தொடரில் ஸ்பான்சர் பேச்சு காலையில் இரண்டு, மாலையில் ஒன்று, அதற்கு மேல் கிடையாது என்று சண்டை போட்டு ஒப்பந்தத்தில் எழுத வைத்தேன்.

அப்படிப் போட்ட இன்னொரு சண்டையையும் சொல்கிறேன். ஒரே சர்வரைப் பல சர்வர்களாகப் பிரித்து ஓட்டும் மென்பொருளைச் செய்யும் விஎம்வேர் கம்பெனியை, 2023 நவம்பரில் பிராட்காம் என்ற அமெரிக்கக் கம்பெனி வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்தி, எல்லாம் இனி சந்தாதான் என்றார்கள். பதினைந்து வருஷமாக விஎம்வேர் மேல் உட்கார்ந்திருக்கும் கம்பெனிகள் என்ன செய்வது, சந்தா கட்டுவதா, வேறு ஒன்றுக்குப் பெயர்வதா, பெயர்ந்தால் எத்தனை மாதம், பேக்கப்பும் மானிட்டரிங்கும் என்ன ஆகும்? சென்னையில் நான் பார்த்த ஐடி தலைவர்கள் அந்த வருஷம் இதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. சரி, இதையே ஒரு பேனலாக வைப்போம், பயன்படுத்துகிறவர்கள் மட்டும் பேசட்டும், விற்பவர் ஒருத்தரும் வேண்டாம் என்றேன். ஒரு ஸ்பான்சரின் மார்க்கெட்டிங் ஆள் போன் செய்து "தலைப்பு கொஞ்சம் நெகட்டிவா இருக்கு சார், 'டிரான்ஸ்ஃபர்மேஷன் ஜர்னி'ன்னு மாத்தலாமா" என்றார். மாற்றவில்லை. அவர்கள் கோல்டிலிருந்து சில்வருக்கு இறங்கினார்கள். அந்தப் பேனலில் உட்கார்ந்து பேசியவர்களில் நம் போட்டோ நண்பரும் ஒருவர், அன்றைக்கு நன்றாகத்தான் பேசினார், அன்றைக்கு ஸ்பான்சர் காசு அவருக்கு நாறவில்லை.

இப்போது அந்தப் போட்டோவுக்கு வாருங்கள். மேடையில் மைக்கோடு நிற்கிறாரே, அவர் யார் என்று யாராவது கேட்டீர்களா? அவர் எந்த ஸ்பான்சரின் ஆளும் இல்லை. 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் கம்பெனியின் பாதுகாப்பு மென்பொருள் அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையோடு நின்றனவே, அன்றைக்கு ஒரு கம்பெனியில் ஒவ்வொரு மெஷினாகப் போய் சேஃப் மோடில் (அத்தியாவசியமானது மட்டும் இயங்கும் நிலையில்) ஏற்றி, கோளாறு செய்த அந்த ஒரு ஃபைலை அழித்த டீமின் தலைவர். டிஸ்க் என்க்ரிப்ஷன் சாவிகளை, அதாவது பூட்டிய டிஸ்க்கைத் திறக்கும் ரகசிய எண்களை, வைத்திருந்த சர்வரே விழுந்துபோனால் அந்த மெஷின்களை எப்படித் திறப்பது, யார் முதலில், பில்லிங்கா குடோனா, ராத்திரி வேலை பார்த்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று ஒரு ஸ்லைடு இல்லாமல் பேசினார். விற்பதற்கு அவரிடம் ஒன்றும் கிடையாது. காசு கொடுத்து வாங்காத ஸ்லாட். நீங்கள் கேட்கிற நேர்மை அங்கேதான் மேடையில் நின்றுகொண்டிருந்தது, நீங்கள் கதவோரம் நின்று படம் எடுத்துவிட்டு வேலட்டில் கார் சாவி கேட்கப் போய்விட்டீர்கள்.

கோபம் வருகிறது, மன்னிக்கவும். இல்லை, மன்னிக்கவெல்லாம் வேண்டாம்.

"அப்போ ஆன்லைன்ல வைங்களேன், செலவே இல்லையே" என்று ஒருத்தர். 2020ல் வைத்தோமே. கேமராவை அணைத்துவிட்டு மிக்ஸியில் சட்னி அரைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அடுத்து.

"மாநாட்டுக்கு வர்ற டெலிகேட் போன் நம்பரையெல்லாம் ஸ்பான்சருக்கு வித்துடறீங்க, அப்புறம் மூணு மாசம் போன் வந்துட்டே இருக்கு" என்றார் இன்னொருத்தர். இதில் நியாயம் இருக்கிறது, நான் வாதாட வரவில்லை. பேட்ஜை ஸ்கேன் செய்து லீட், அதாவது விற்க வாய்ப்புள்ள ஆள், என்று எக்செல்லில் ஏற்றுவதுதான் இந்த வியாபாரத்தின் அடிமடி, அதற்காகத்தான் ஸ்பான்சர் வருகிறார். ஆனால் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023லேயே வந்துவிட்டது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன, அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இதைப் பற்றி மேடையில் பேனல் வைத்துவிட்டு வெளியே வாசலில் ஒப்புதல் கேட்காமல் நம்பர் பிடுங்குவது எனக்கே அசிங்கமாக இருந்தது. எங்கள் ரிஜிஸ்ட்ரேஷனில் "என் விவரத்தைப் பகிரலாம்" என்ற கட்டம் தனியாக இருக்கிறது, முன்கூட்டியே டிக் அடிக்கப்படாமல். நீங்கள் டிக் அடித்துவிட்டு லக்கி டிராவில் ஸ்மார்ட் வாட்ச் வாங்கிப் போனால் போன் வரத்தான் செய்யும்.

யாரைக் கூப்பிட வேண்டும் என்பதிலும் இதே இழுபறிதான். ஸ்பான்சர் கொடுக்கும் பட்டியலில் "விற்றுமுதல் 500 கோடிக்கு மேல், பதவி வைஸ் பிரசிடெண்டுக்குக் குறையாமல்" என்றிருக்கும். ஒருமுறை அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனியிலிருந்து ஒருத்தர் அழைப்பே இல்லாமல் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். அந்தக் கம்பெனியில் ஐடி என்றால் அவர் ஒருத்தர்தான், பிரின்டரும் அவர்தான் ஈஆர்பியும் அவர்தான். ஸ்பான்சர் தரப்பு வேண்டாம் என்றது, நான் உள்ளே உட்கார வைத்தேன். கேள்வி நேரத்தில் எழுந்து, "எஸ்ஏபி ஈஆர்பியோட பழைய வெர்ஷனுக்கு 2027 கடைசியோட மெயின்டனன்ஸ் முடியுதுன்னு பயமுறுத்தறீங்க, நான் மாறாம இருந்தா மறுநாள் காலையில எது நிக்கும்?" என்று கேட்டார். ஹால் அமைதியாகிவிட்டது. பேனலில் இருந்த ஒரு ஐடி தலைவர்தான் நேராகப் பதில் சொன்னார்: எதுவும் நிற்காது, ஓடிக்கொண்டுதான் இருக்கும், சட்ட மாற்றங்களுக்கான திருத்தங்களும் பாதுகாப்புத் திருத்தங்களும்தான் வருவது நிற்கும், கூடுதலாகக் கட்டினால் 2030 வரை இழுக்கலாம், அதற்குள் யோசித்து முடிவெடுங்கள் என்று. மைக்ரேஷன் விற்க வந்தவர் முகம் இஞ்சி தின்றமாதிரி ஆனது. 500 கோடிக்காரர்கள் எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இதே கேள்வி அவர்களுக்கும் இருந்திருக்கிறது, பதவி கேட்கவிடவில்லை.

கடைசியாக, "நீங்க லட்ச லட்சமா அடிக்கறீங்க" என்பவர்களுக்கு. எங்களைப் போன்ற சின்ன நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006லேயே சட்டம் இருக்கிறது, தராவிட்டால் அந்தச் செலவை அந்த வருஷ வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது என்று பின்னால் ஒரு பிரிவையும் சேர்த்தார்கள். நடைமுறை என்ன? நிகழ்ச்சி முடிந்ததும் "சூப்பர் ஈவென்ட் ப்ரோ" என்று கட்டிப்பிடிப்பவர், அதன் பிறகு வெண்டர் கோட் எக்ஸ்பயரி ஆகிவிட்டது, பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு கமா தப்பு, அப்ரூவர் மெட்டர்னிட்டி லீவு என்று வரிசையாக அனுப்புவார். ஹோட்டலுக்கு நான் அன்று ராத்திரியே கட்டியிருப்பேன். ஒரு பெரிய ஸ்பான்சரின் போன வருஷத்துத் தொகை இன்னும் வரவில்லை, மெயிலில் "கைன்ட்லி பேர் வித் அஸ்" என்று மட்டும் அழகாக எழுதுகிறார்கள்.

ஆனால் இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் காசு இல்லை. அந்தப் பதிவின் கீழே ஒருத்தர் எங்கள் ரிஜிஸ்ட்ரேஷன் டெஸ்க் பெண்களைப் பற்றி எழுதியிருந்தார், "அங்கே நின்ன பொண்ணுங்களுக்காகத்தான் போனேன்" என்று, அதற்கு முப்பது நாற்பது சிரிப்பு. நம் நண்பரும் அதற்கு லைக் போட்டிருக்கிறார். அந்தப் பிள்ளைகள் தாம்பரத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும் முதல் ரயில் பிடித்து வந்து, விடியற்காலையிலிருந்து நின்று, உங்கள் பேட்ஜில் பெயருக்கு ஒரு எழுத்து விட்டுப்போனதற்குத் திட்டு வாங்கி, நீங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு நாலு மணிக்குச் சாப்பிட்டவர்கள். என்னைச் சொல்லுங்கள், ஸ்பான்சரைச் சொல்லுங்கள், சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்லுங்கள். அந்த கமெண்டை மட்டும் எடுத்துவிடுங்கள். உங்களுடைய பதிவு, உங்களால் எடுக்க முடியும்.

கோயம்புத்தூர் பதிப்பு வேலை தொடங்கிவிட்டது. இந்த முறை கொஞ்சம் சீட்டுகள் ஸ்பான்சர் பட்டியலில் சேராமல் டிக்கெட்டுக்கு ஒதுக்குகிறேன், 3,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி, அந்த வரிசைக்காரர்களின் நம்பர் யாருக்கும் போகாது. மதியம் இரண்டரைக்கு அதே மாதிரி காசு வாங்காத பேச்சுதான், சாப்பாட்டுக்கு முன்னால் நகர்த்தமாட்டேன். கமெண்டில் "இண்டரெஸ்டட்" என்று போடாதீர்கள், ஃபார்ம் இருக்கிறது, நிரப்புங்கள். காம்ப்ளிமென்டரி பாஸ் கேட்டு இன்பாக்ஸுக்கு வருபவர்களின் ஸ்க்ரீன்ஷாட்டை இந்த முறை நான் போடுவேன், பெயரை மறைத்துவிட்டு. ஸ்பான்சர் ரேட் கார்டு வேண்டுபவர்கள் மட்டும் இன்பாக்ஸுக்கு வாருங்கள், சில்வரில் இன்னும் இடம் இருக்கிறது.