ஊசியை அந்த வெள்ளை டப்பாவில் போடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்

ஊசி போட்டு முடித்த கையோடு அதை, ஊசி மாதிரி குத்துகிற கழிவுக்கென்றே வைத்திருக்கிற வெள்ளை டப்பாவில் போட உங்களுக்கு என்னதான் கஷ்டம்? டிராலியிலேயே, கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வார்டில் மஞ்சள் கவரைத் திறந்தால் ரத்தப் பஞ்சுக்கு நடுவில் ஊசி, சிவப்பு கவரில் டிரிப்ஸ் டியூபோடு ஊசி, சில நாள் பெட்ஷீட்டைச் சுருட்டும்போது அதற்குள்ளேயும் ஊசி. கேட்டால் "எமர்ஜென்சி சிஸ்டர், கவனிக்கல" என்கிறார்கள். எமர்ஜென்சியே இல்லாத மத்தியான ரவுண்ட்ஸிலும் இதேதான் நடக்கிறது, பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

குத்து வாங்குவது போட்டவர் இல்லை, கவரை இழுத்துக் கட்டுகிற ஹவுஸ்கீப்பிங் அக்கா. போன வாரம் கையுறையையும் தாண்டிப் பெருவிரலில் ஏறிவிட்டது. எந்த நோயாளிக்குப் போட்ட ஊசி என்று யாருக்கும் தெரியாது. எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவையென்றால் சில மணி நேரத்திலேயே தொடங்குவதுதான் நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. அவரோ "வெளிய சொன்னா வேலை போயிரும்மா" என்று குழாயில் விரலைக் கழுவிவிட்டு அடுத்த கவரைக் கட்டப் போகிறார்! ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்குகிற கிருமி) தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்றால், அப்படி ஒன்று இருப்பதையே யாரும் அவரிடம் சொன்னதில்லை. அந்தக் கிருமி உள்ள ரத்தமாக இருந்தால், தடுப்பூசி போடாதவருக்கு ஒரே குத்தில் 100க்கு 30 பேர் வரை தொற்றலாம். எச்ஐவியில் அது 1000க்கு 3 பேர். ஹெபடைடிஸ் பி 3 டோஸ் தடுப்பூசியில் முடிகிற விஷயம்.

2016 மருத்துவக் கழிவு விதிகளில் தெளிவாகவே இருக்கிறது, இந்தக் கழிவைக் கையாளுகிற எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும், வருடம் ஒரு முறையாவது உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்று. கான்ட்ராக்ட் ஆள் என்றால் வேண்டாம் என்று எங்கே எழுதியிருக்கிறது? கேட்டால் நிர்வாகம் கான்ட்ராக்டரைக் கை காட்டுகிறது, கான்ட்ராக்டர் நிர்வாகத்தைக் கை காட்டுகிறார்.

டப்பா விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். முக்கால்வாசி நிறைந்ததும் மூடி, புதுசு வைக்க வேண்டும். இங்கே "இன்னும் இடம் இருக்கே" என்று குலுக்கிக் குலுக்கித் திணிக்கச் சொல்கிறார்கள், வாயிலேயே ஊசி நட்டுக்கொண்டு நிற்கிறது. ஆடிட் வருகிற அன்று மட்டும் எல்லா டிராலியிலும் புது டப்பா எங்கிருந்துதான் வருகிறதோ. அப்புறம், போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டுவது! படிக்கும்போதே கூடாது என்று சொல்லித் தருகிறார்கள், பெரிய டாக்டர்களே கூசாமல் மாட்டுகிறார்கள், அதைப் பார்த்துத்தான் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்கள்.

அந்த அக்காவை நான்தான் கையைப் பிடித்து லேபுக்குக் கூட்டிப் போனேன். பில்லை யார் பேரில் போடுவது என்று கவுன்ட்டரில் கேட்டார்கள். வேலை செய்த இடத்தில் குத்திய ஊசிக்கு அவர் ஏன் பணம் கட்ட வேண்டும்? ஆஸ்பத்திரிதான் கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், இதுவரை பதில் இல்லை.