14 விதிகளும் ஒரு மகிழ மரமும்

(திருவொற்றியூர் சன்னதித் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. மின்விசிறிக் காற்றில் பறக்காதபடி காகிதக் கட்டின்மேல் அரைச் செங்கல். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் மஞ்சள் பையிலிருந்து நான்கு பக்கத் தாளை எடுக்கிறார்.)

ஆசிரியர்: அம்மா, இறையியல் ஆய்வாளர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டு விதிகள் இவை. ஒரு நகல் போடுங்கள். அப்படியே என் கட்டுரைச் சுருக்கத்தைத் தட்டச்சு செய்து 5 மணிக்குள் மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும்.

கடைக்காரம்மா: இப்போதே மணி நாலரை, சார். இயந்திரத்தில் ட்ரம் வேறு தேய்ந்துவிட்டது. பக்கத்துக்கு நடுவில் ஒரு கறுப்புக் கோடு விழும்.

ஆசிரியர்: விதிதானே, விழட்டும். முதல் விதி, சுருக்கம் 300 சொற்களைத் தாண்டக் கூடாது.

கடைக்காரம்மா: உங்களுடையது எத்தனை?

ஆசிரியர்: 1,140. அதில் தலைப்பு மட்டும் 22.

கடைக்காரம்மா: நாயன்மார் பெயர்களைச் சொல்லும் திருத்தொண்டத்தொகையைச் சுந்தரர் 11 பாட்டில் முடித்துவிட்டார். அதை 4,000 பாட்டுக்குமேல் பெரியபுராணமாக விரித்தவர் சேக்கிழார். சங்கத்தார் சுந்தரரைக் கேட்டால் நீங்கள் சேக்கிழாரை அனுப்புகிறீர்களே!

(ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரை ஒருமுறை பார்க்கிறார். கடைக்காரம்மாவின் ஆயா கோயில் வாசலில் பூக்கட்டியவர். பேத்திக்குப் பூவோடு புராணத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டார் என்பது ஆசிரியருக்குத் தெரியாது.)

ஆசிரியர்: சரி, வெட்டுங்கள். நான்காம் விதி, வாசிக்க 20 நிமிடம். 18-ஆம் நிமிடத்தில் மணி அடிப்பார்கள்.

கடைக்காரம்மா: தில்லையில் பெரியபுராண அரங்கேற்றம் ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி அடுத்த சித்திரைத் திருவாதிரையில்தான் முடிந்தது என்பார்கள். நல்லவேளை, அங்கே மணியடித்தது பூசைக்கு மட்டும்.

ஆசிரியர்: ஐந்தாம் விதி, இணை ஆசிரியர் இருந்தால் அவரும் சந்தா கட்டிய உறுப்பினராக இருக்க வேண்டும்.

கடைக்காரம்மா: போச்சு. சேக்கிழாருக்கு ‘உலகெலாம்’ என்று முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தவர் நடராசர். அவர் எந்த வருடம் சந்தா கட்டினார்?

ஆசிரியர்: நீங்கள் தட்டச்சு செய்யுங்கள், அம்மா. ஆறாம் விதிதான் முக்கியம். மதிப்பீட்டாளருக்கு எழுதியவர் யாரென்று தெரியக் கூடாது. கட்டுரைக்குள் எங்கேயும் பெயர் இருந்தால் தள்ளுபடி.

கடைக்காரம்மா: சம்பந்தருக்கு இடமில்லை என்று சொல்லுங்கள். பதிகம் பாடி முடித்ததும் கடைசிப் பாட்டான கடைக்காப்பில் ‘ஞானசம்பந்தன்’ என்று முத்திரை வைத்துவிடுவாரே. சுந்தரரும் ‘ஆரூரன்’ என்று வைத்திருக்கிறார். ஆமாம், கடைசி வரியில் ‘ஒற்றியூரன்’ என்று இருக்கிறதே, யார் அது?

ஆசிரியர்: (குரலைத் தாழ்த்தி) அடியேன்தான்.

கடைக்காரம்மா: அழித்துவிட்டேன். 300-க்கு ஒரு சொல் மிச்சம்.

ஆசிரியர்: எட்டாம் விதி, எழுதியவரே நேரில் வந்து வாசிக்க வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது.

கடைக்காரம்மா: இது நம்ம ஊர்ப்பக்கம் செல்லாது. முத்தியாலுப்பேட்டையில் சோமு செட்டியார் வீட்டுச் சொற்பொழிவுக்கு அண்ணன் போக முடியாமல்தானே சிறுவன் இராமலிங்கத்தை அனுப்பினார்? நாலு பாட்டுப் பாடிவிட்டு வா என்று அனுப்பிய பிள்ளை சம்பந்தர் புராணத்தையே விரித்துப் பேசியது. இந்த விதி இருந்திருந்தால் வள்ளலார் வாசலோடு திரும்பியிருப்பார்.

ஆசிரியர்: விதிகளை இவர்களாக இட்டுக்கட்டவில்லை. வெளிநாட்டுச் சங்கங்களைப் பார்த்துச் செய்தது. அமெரிக்காவில் 1949-இல் தொடங்கிய இவாஞ்சலிக்கல் தியாலஜிக்கல் சொசைட்டி என்று ஒரு கிறித்தவ இறையியல் சங்கம் உண்டு. அதில் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் கொள்கை அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்து நம்மவர்கள் ஒன்பதாம் விதியை வைத்தார்கள்.

கடைக்காரம்மா: வருடாவருடமா? அப்பர் சமணத்துக்குப் போய் தருமசேனராக இருந்த வருடங்களில் என்ன செய்திருப்பார்கள்?

ஆசிரியர்: சந்தா பாக்கி என்று எழுதி வைத்திருப்பார்கள்.

கடைக்காரம்மா: திரும்பி வந்தபோது அபராதத்தோடு வாங்கியிருப்பார்கள். அது கிடக்கட்டும், கட்டுரை எதைப் பற்றி? 1,140 சொல்லிலும் விஷயம் பிடிபடவில்லை.

ஆசிரியர்: நம்ம கோயில் மகிழ மரம்தான். சங்கிலியாரை மணக்க, ‘உன்னைப் பிரியேன்’ என்று சுந்தரர் அவருக்குச் சத்தியம் செய்ய வேண்டும். சுந்தரர் முன்கூட்டியே சிவனிடம் போய், ‘நான் சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழ மரத்தில் போய் இரும்’ என்றார். இறைவனும் சரி என்றார். சொல்லிவிட்டு நேரே சங்கிலியார் கனவில் போய், ‘சன்னதியில் வேண்டாம், மகிழடியில் சத்தியம் கேள்’ என்றார். தோழனுக்கு இப்படிச் செய்யலாமா? சுந்தரர் பக்கமும் நியாயம் உண்டு என்பது என் முடிவு.

கடைக்காரம்மா: சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போனதே, அதற்கு?

ஆசிரியர்: அது தண்டனை அதிகம் என்று மூன்றாம் பகுதியில் வாதாடியிருக்கிறேன்.

(நகல் வெளியே வருகிறது. தலையிலிருந்து கால்வரை கறுப்புக் கோடு. ஆசிரியர் அதைத் தூக்கிப் பிடித்துப் படிக்கிறார்.)

ஆசிரியர்: பதினோராம் விதி... ‘நிகழ்ச்சி நிரல் அச்சானபின் விலகுவ...’ கோட்டில் மறைந்துவிட்டது. ‘விலகுவது எளிது’ என்றிருக்கும்.

கடைக்காரம்மா: (மூலத்தை எடுத்து) ‘விலகுவோர் அடுத்த 2 மாநாடுகளில் பங்கேற்க இயலாது’ என்றிருக்கிறது. உங்களுக்கு எதற்கு விலகும் யோசனை? மாநாடு எப்போது?

ஆசிரியர்: மாசி மாதம், கோயம்புத்தூரில், 2 நாள்.

(கடைக்காரம்மா சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் புரட்டுகிறார். ஒரு தேதியில் விரல் நிற்கிறது.)

கடைக்காரம்மா: சார், அன்றைக்கு இங்கே மகிழடி சேவை. சுந்தரர் சத்தியம் செய்ததைக் கொண்டாடும் நாள்.

ஆசிரியர்: தெரியும்.

கடைக்காரம்மா: வீட்டு அம்மாவை அழைத்து வருவீர்களே?

ஆசிரியர்: அதற்கு முன்பெல்லாம் 3 வருடம் ஏதாவதொரு கருத்தரங்கு குறுக்கே வந்துவிட்டது. போன வருடம் ஒருவழியாக அழைத்து வந்தேன். ‘இனி ஒரு வருடமும் தவற விடமாட்டேன்’ என்று வாக்கும் கொடுத்திருக்கிறேன்.

கடைக்காரம்மா: எங்கே நின்று கொடுத்தீர்கள்? சன்னதியிலா?

ஆசிரியர்: (நகலை மெதுவாக மடித்துப் பையில் வைத்தபடி) மகிழடியில்.

(மின்விசிறி மட்டும் சுற்றுகிறது.)

கடைக்காரம்மா: மணி 4.55. அனுப்பவா, வேண்டாமா?

ஆசிரியர்: எனக்கு ஏற்கெனவே ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, அம்மா.

கடைக்காரம்மா: நான் இன்னொரு கண்ணுக்காகத்தான் கேட்கிறேன்.