ஜெட் செட் வில்லி: விஷவாயு ரகசியம் உண்மையா?

"1984-இல் வந்த ஜெட் செட் வில்லி விளையாட்டில், மாடி அறைக்குள் நுழைந்தால் மற்ற அறைகளில் விஷவாயு பரவும். இது வேண்டுமென்றே ஒளித்து வைத்த ரகசியம்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

அது நிரல் பிழை. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியில் அந்த அறைக்குள் பறக்கும் அம்பு, திரைக்கான நினைவகத்தின் எல்லையைத் தாண்டி, மற்ற அறைகளின் தரவை அழித்து எழுதிவிடும். அப்புறம் அந்த அறைகளில் சிலவற்றுக்குள் கால் வைத்தாலே சாவுதான். புது ஆட்டம் தொடங்கினாலும் சேதம் போகாது, கேசட்டை மறுபடி ஏற்ற வேண்டும். அதனால் ஆட்டத்தை முடிக்கவே முடியவில்லை.

விஷவாயுக் கதையைச் சொன்னதே வெளியிட்ட சாப்ட்வேர் ப்ராஜெக்ட்ஸ் நிறுவனம்தான். வதந்தி இத்தனை காலம் நிலைத்ததற்கு அதுவே காரணம் என நினைக்கிறேன். பின்னர் அவர்களே பிழையைச் சரிசெய்யும் 'போக்' கட்டளைகளை, அதாவது நினைவகத்தில் உள்ள மதிப்புகளை நேரடியாக மாற்றும் கட்டளைகளை, வெளியிட்டார்கள்.

சந்தேகம் இருந்தால், திருத்தப்படாத முதல் பதிப்பை எமுலேட்டரில் (பழைய கணினியைப் போலவே இயங்கும் மென்பொருளில்) ஓட்டிப் பாருங்கள். நிரலின் வரிவரியான விளக்கமும் இணையத்தில் கிடைக்கிறது. மேத்யூ ஸ்மித்தின் அருமையான படைப்பு இது. அதைப் பற்றித் தவறான செய்தி பரவ வேண்டாம். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.