அந்தப் பாட்டு யார் குரலுக்குப் போட்டது?

போன மாதம் 19 வயதுப் பெண் ஒருத்தி ‘வில்யா’ பாட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். இசையமைப்பாளர் லெஹாரின் ‘மெர்ரி விடோ’ ஓபரெட்டாவில், அதாவது பாட்டும் வசனமும் கலந்த இலகுவான இசை நாடகத்தில், கதாநாயகி ஹன்னா பாடுவது. அதைத் தேர்ந்து கொடுத்தவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: “மேல் சுரம் உனக்கு எட்டுகிறதே.”

எட்டத்தான் செய்தது. ஆனால் இரண்டாவது சரணம் முடிவதற்குள் தோள் இரண்டும் ஏறிவிட்டன, தாடை இறுகிவிட்டது. பூப்போல வைக்க வேண்டிய சுரத்தைக் கத்திப் பிடித்தாள். தண்ணீர் குடித்துவிட்டு, “எனக்கு வராது போல, மிஸ்” என்றாள். மனசு கேட்கவில்லை. நல்ல குரல் அது.

இருபது வருஷமாகப் பாடுகிறவர்களுக்குப் பியானோ வாசிக்கிறேன். பாட்டுத் தேர்வு என்றால் முக்கால்வாசிப் பேர் உச்ச சுரத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். பாட்டு அதிக நேரம் எங்கே சஞ்சாரம் செய்கிறது என்று பாருங்கள். உச்சத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு இறங்கிவிடலாம்; அதன் பக்கத்திலேயே மூன்று நிமிஷம் குடியிருந்தால் தொண்டை என்ன ஆகும்?

இந்தப் பழைய பாட்டுகளில் பல, ஒருவர் குரலுக்கு அளவெடுத்துத் தைத்தவை. 1929-இல் ‘சிரிப்பின் நாடு’ ஓபரெட்டாவுக்கு லெஹார் போட்ட ‘டைன் இஸ்ட் மைன் கான்ஸஸ் ஹெர்ஸ்’, ரிச்சர்ட் டாபர் என்ற டெனருக்கென்றே (உயர்ந்த ஆண் குரல்) எழுதியது. முழு வீச்சிலிருந்து சட்டென்று மெல்லிய குரலுக்கு இறங்கத் தெரிந்தவர் அவர். அந்த வித்தை கைவராத பையன்கள் அதை ஆரம்பம் முதல் கடைசி வரை முழக்கும்போது எனக்குப் பயமாக இருக்கும். அதே லெஹாரின் ‘மெர்ரி விடோ’வில் கதாநாயகன் டானிலோ வேஷத்தை 1905-இல் வியன்னாவில் முதலில் ஏற்ற லூயி ட்ராய்மன் நடிப்பால் பெயர் வாங்கியவர். பாரிஸில் உள்ள ‘மாக்ஸிம்’ உணவகத்துக்குப் போகிறேன் என்று டானிலோ பாடும் பாட்டைப் பேச்சுப்போலவே கொண்டு போகலாம். பாரிடோன் (நடுத்தர ஆண் குரல்) பையன்களுக்கு அதைத்தான் முதலில் கொடுப்பேன்.

சுருதியை இறக்கினால் கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்திலேயே பிரபலமான பாட்டுகளை இரண்டு மூன்று சுருதிகளில் அச்சடித்து விற்றார்கள். தாராளமாக இறக்குங்கள். ஆனால் எல்லாப் பாட்டுக்கும் அது மருந்தாகாது. 1927-இல் வந்த ‘ஷோ போட்’ என்ற அமெரிக்க இசை நாடகத்தின் ‘ஓல் மேன் ரிவர்’ ஒன்றரை ஸ்தாயிக்கும் மேல் விரிகிறது. சுருதியை ஏற்றினால் மேலே முட்டும், இறக்கினால் கீழே காற்றுதான் வரும். அகலமான குரல் இல்லையென்றால் விட்டுவிடுவதே நல்லது.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன கொடுத்தேன்? 1951-இல் ‘தி கிங் அண்ட் ஐ’ இசை நாடகத்தை எழுதும்போது, அதன் கதாநாயகியாக நடித்த கெர்ட்ரூட் லாரன்ஸின் குரல் எல்லை குறுகியது என்று தெரிந்தே ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் மெட்டுப் போட்டார். அதிலிருந்து ‘ஹலோ, யங் லவர்ஸ்’ எடுத்தோம். நடு ஸ்தாயியில்தான் அவள் குரலில் தேன் இருக்கிறது. நேற்று கடைசி வரி முடிந்த பிறகும் தோள் இறங்கியே இருந்தது. “இன்னொரு தடவை பாடட்டுமா, மிஸ்?” என்று அவளே கேட்டாள். வில்யா அலமாரியில் இருக்கட்டும். 25 வயதில் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.