பக்கத்து வீட்டு பிளான் மாறினால் நமக்கென்ன?

"உங்க வீட்டுல ஒரு செங்கல்லைத் தொட்டோமா சார்? எங்க இடத்துல நாங்க கட்டுறோம், உங்களுக்கு என்ன பிரச்சினை?"

கோத்தகிரி பக்கம் எங்கள் சித்தப்பா வீடு வாங்கிய வில்லா திட்டத்தில், புரோமோட்டரின் ஆள் கேட்ட கேள்வி இது. அவர் கேட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. அங்கே வீடு வாங்கியவர்களில் பாதிப் பேர் "அதுவும் சரிதானே" என்று தலையாட்டினார்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதிவு.

சித்தப்பா அருவங்காடு தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பி.எஃப். பணத்தைப் போட்டு வாங்கினார். விற்கும்போது காட்டிய லேஅவுட்டில் அவர் வீட்டுக்கு மேல்பக்கச் சரிவில் தனித்தனியாகச் சில சின்ன வீடுகள், நடுவில் மரங்களோடு ஒரு காலி இடம். இப்போது அந்த வரிசை முழுக்க ஒட்டிக் கட்டிய வீடுகளாக மாறுகிறது. காலி இடம் கார் நிறுத்தப் போகிறது. மரம் ஏற்கெனவே போய்விட்டது.

சமவெளியில் பக்கத்து வீடு பெரிதானால் காற்றும் வெளிச்சமும் குறையும். மலையில் அதோடு நிற்காது. மேலே சரிவை வெட்டினால் மழைத்தண்ணீர் புது வழி தேடும், அந்த வழி கீழே இருப்பவர் வீட்டுக்குள்தான். சித்தப்பா வீட்டின் பின்புறத் தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய பைப் துண்டு வைத்து ஓட்டை விட்டிருப்பார்கள். முன்பெல்லாம் மழை விட்ட பிறகு அதில் தெளிந்த தண்ணீர் சொட்டும். மேலே வேலை ஆரம்பித்த பிறகு வந்த மழையில் போய்ப் பார்த்தேன். செம்மண் குழம்பாக வடிந்துகொண்டிருந்தது. ஓரத்தில் இரண்டு ஓட்டை முழுக்க அடைத்துப்போய், அந்த இடத்தில் மட்டும் சுவர் லேசாக வயிறு தள்ளியிருந்தது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதைப் பார்த்த ஊர்க்காரர்களிடம் வந்து "வியூ போச்சுன்னு அழறாங்க" என்று புரோமோட்டர் ஆட்கள் சிரிப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

சரி, வியூ பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டம் தெரிய வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு சட்ட உரிமை கிடையாது. வெளிச்சம், காற்றுக்கு 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் வழி உண்டு, ஆனால் 20 வருடம் தடையில்லாமல் அனுபவித்திருக்க வேண்டும். புது வீடு வாங்கியவர் அதற்கு எங்கே போவார்? அதனால் வியூவைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டால் தோற்போம். பிடிக்க வேண்டியது பிளானை.

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், நாம் ரெரா என்று சொல்வது, அதன் 14ஆம் பிரிவை எல்லோரும் ஒரு முறை படித்துவிடுங்கள். உங்கள் வீட்டில் மாற்றம் செய்ய உங்கள் சம்மதம் வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அடுத்த உட்பிரிவுதான் முக்கியம். அனுமதி வாங்கிய பிளான், லேஅவுட், பொது இடங்கள் என்று திட்டத்துக்குள் வேறு எதை மாற்றினாலும், வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் தர வேண்டும். புரோமோட்டர் கையில் இருக்கும் விற்காத வீடுகள் இந்தக் கணக்கில் வராது. ஒரே ஆள் பத்து வீடு புக் செய்திருந்தாலும், குடும்பத்தார் பெயரில் வாங்கிப் போட்டிருந்தாலும், ஒரு ஓட்டுதான். ஆக, "எங்க இடத்துல நாங்க கட்டுறோம்" என்பது செல்லாது. நாம் காசு கொடுத்தது அந்த முழு லேஅவுட்டைப் பார்த்து.

நொய்டா இரட்டைக் கோபுரம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். குடியிருப்பவர்களுக்கு முதலில் தோட்டம் என்று காட்டிய இடத்தில் பின்னால் எழுப்பியவை அவை. அவர்கள் சம்மதம் வாங்கவில்லை, கட்டடங்களுக்கு இடையே விட வேண்டிய தூரமும் விடவில்லை. அங்கே உத்தரப் பிரதேசத்தின் அடுக்குமாடிச் சட்டம்தான் பேசியது, ஆனால் விஷயம் இதேதான். 2014இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது, 2021இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2022 ஆகஸ்டில் தரைமட்டம். வெற்றிதான், ஆனால் எத்தனை வருடம் பாருங்கள். அஸ்திவாரம் தோண்டும்போதே கேட்டுவிட வேண்டும்.

மலையில் இன்னொரு கூத்து உண்டு. நீலகிரியில் 7 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்ட முடியாது. ரோட்டிலிருந்து பார்த்தால் அடக்கமாக ஒரு மாடி, பள்ளத்தில் இறங்கிப் பார்த்தால் மூன்று. இப்படி எத்தனை கட்டடம் குன்னூர் போகிற வழியில் பார்த்திருப்பீர்கள்! எட்டு வீடு வரை ரெரா பதிவு தேவையில்லை என்பதால் திட்டத்தை எட்டு எட்டாகப் பிரித்து "இது தனி, அது தனி" என்பார்கள். எல்லாக் கட்டங்களையும் சேர்த்துத்தான் எட்டு என்று சட்டத்திலேயே இருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் தருவது ஒப்பந்தத்தின் நடுவில் பொடி எழுத்தில் வரும் அந்த ஒரு வரி. "திட்டத்தில் செய்யப்படும் எந்த மாற்றத்துக்கும் வாங்குபவர் இதன் மூலம் சம்மதிக்கிறார்." சித்தப்பா பத்திரத்திலும் இருக்கிறது. என்ன மாற்றம் என்றே தெரியாமல் கொடுப்பது எப்படிச் சம்மதம் ஆகும்? மகாராஷ்டிரத்தின் பழைய பிளாட் சட்டத்தின் கீழ் வந்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: மொத்தமாக முன்கூட்டியே எழுதி வாங்குவது சம்மதமில்லை, குறிப்பிட்ட மாற்றத்தை விளக்கிக் காட்டி வாங்க வேண்டும். அதனால் "ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுட்டீங்களே" என்றால் பயந்து ஒதுங்க வேண்டாம்.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். மண் பரிசோதனையில் பாறை வந்தது, பாதையைக் கொஞ்சம் திருப்ப வேண்டும் என்றால் யாரும் சண்டைக்குப் போகப்போவதில்லை. பிளானை மேசையில் விரித்துக் காட்டி, தண்ணீர் எந்தப் பக்கம் போகும், தடுப்புச் சுவருக்கு யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தால் சித்தப்பாவே முதல் கையெழுத்துப் போடுவார். இங்கே நடந்தது என்னவென்றால், "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி அங்கிள்" என்று பிளானே இணைக்காத ஒரு சம்மதத் தாளை வீடு வீடாக நீட்டினார்கள்.

சித்தப்பா கையெழுத்துப் போடவில்லை. முதலில் அனுமதி பெற்ற பிளானின் நகல், இப்போது திருத்திய பிளானின் நகல் இரண்டையும் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறார். அதைக் கேட்க 19ஆம் பிரிவு உரிமை தருகிறது. பதில் வராவிட்டால் ரெரா ஆணையத்தில் புகார். வெளியூரில் இருந்துகொண்டு வாடகைக்கு விட்டிருக்கும் சில உரிமையாளர்கள்தான் இன்னும் போனை எடுக்கவில்லை. உங்களில் யாராவது கோத்தகிரியில் வீடு வாங்கிப் போட்டிருந்து, அப்படி ஒரு தாள் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.