லெவல் ஏறினால் லெக் உடையும்

நேற்று மாதக் கடைசி. ராத்திரி பதினொன்றே காலுக்கு ஆன்டாப் ஹில்லில் இருந்து என் டீமில் இருக்கும் தங்கச்சி போன் செய்தாள். "அக்கா, இன்னும் பதினோராயிரம்தான் குறையுது. நானே என் பேர்ல பில் போட்டுக்கவா? இந்த மாசமே லெவல் ஏறிடலாம்ல?"

வேண்டாம் என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிக்கா" என்று வைத்துவிட்டாள். அந்த 'சரிக்கா' நன்றாக இல்லை. பன்னிரண்டு மணிக்கு மாதக் கணக்கு க்ளோசிங், விளக்கிச் சொல்ல நேரமும் இல்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதையே இங்கே எழுதுகிறேன். டைரக்ட் செல்லிங்கில், அதாவது கடை இல்லாமல் நேரடியாக வீடுகளுக்குப் பொருள் விற்கும் தொழிலில் இருக்கும் மும்பைத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நான் செம்பூரில் இருந்துகொண்டு பதினொரு வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். சோப்பு, பாத்திரம் கழுவும் லிக்விட், முகத்துக்குப் போடும் க்ரீம், புரோட்டீன் பவுடர். ஹார்பர் லைன் லோக்கல் ரயிலின் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் பழகியவர்கள்தான் என் முதல் கஸ்டமர்கள். இந்தத் தொழிலை நம்பித்தான் என் மகளின் காலேஜ் ஃபீஸ் கட்டினேன். அதனால் இது மோசடித் தொழில் என்று சொல்ல வரவில்லை. எங்கள் தொழிலில் பிரமோஷன் என்று கொண்டாடுகிற விஷயம் டீமை என்ன செய்கிறது என்பதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. அந்த வருத்தம் எனக்கு ரொம்ப நாளாக இருக்கிறது.

ஆபீஸில் ஒருவருக்குப் பிரமோஷன் வந்தால் அவர் இருந்த நாற்காலிக்கு இன்னொருவர் வருவார். டிபார்ட்மென்ட் அப்படியே இருக்கும். எங்களிடம் அப்படி இல்லை. என் கீழே இருப்பவள், அதாவது நான் தொழிலில் சேர்த்துவிட்டவள், என் லெவலுக்கு வந்துவிட்டால், அவளுக்குக் கீழே இருக்கும் அத்தனை பேரும் அவளோடு என் கணக்கில் இருந்து பிரிந்து போய்விடுவார்கள். ஒருத்தியும் அவளுக்குக் கீழே இருப்பவர்களும் சேர்ந்த கிளைக்கு லெக் என்று பெயர். லெக் உடைவது, பிரேக்அவே என்பது இதுதான். மீட்டிங்கில் மேடை ஏற்றி, புது லெவலுக்கான பேட்ஜை, எங்கள் பேச்சில் 'பின்', குத்தி, மாலை போட்டுக் கைதட்டுவோம். அதே நாளில் அவளைத் தூக்கிவிட்டவளின் டீமில் பாதி காணாமல் போயிருக்கும்.

எனக்கு நடந்ததைக் கணக்கோடு சொல்கிறேன். எங்கள் திட்டத்தில் டீமோடு சேர்த்து மாதம் 20,000 ரூபாய் விற்றால் கமிஷன் 5 சதவீதம், 50,000-க்கு 8, 80,000-க்கு 12, 1,20,000-க்கு 16, இரண்டு லட்சத்துக்கு 20. அதுதான் உச்சம். என் சதவீதத்துக்கும் கீழே இருப்பவரின் சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அவர் லெக்கில் எனக்கு வரும் வருமானம். 2018-ல் சயான் கோலிவாடாவில் ஒரு அக்கா என் டீமில் இருந்தார். அவர் லெக் 1,40,000 செய்துகொண்டிருந்தது, அதனால் அவர் 16 சதவீதம். தாராவிப் பக்கம் ஒரு லெக் 70,000. என் சொந்த விற்பனை 20,000. மொத்தம் 2,30,000, எனக்கு 20 சதவீதம். கோலிவாடா லெக்கில் 4 சதவீத வித்தியாசம், அது 5,600 ரூபாய். தாராவியில் 12 சதவீத வித்தியாசம், 8,400. சொந்த விற்பனைக்கு 4,000. ஆக மாதம் 18,000 ரூபாய்.

அந்தத் தீபாவளி மாதம் கோலிவாடா அக்கா இரண்டு லட்சம் தொட்டுவிட்டார். இப்போது அவரும் 20, நானும் 20. வித்தியாசம் பூஜ்யம். அவர் விற்பனை என் கணக்கில் இருந்து கழன்றுவிட்டதால் என்னிடம் மிச்சம் 90,000. அதற்கு 12 சதவீதம்தான். சொந்த விற்பனைக்கு 2,400, தாராவியில் 4 சதவீத வித்தியாசத்துக்கு 2,800. மறு மாதமும் என் பக்கம் இதே விற்பனைதான், கையில் வந்தது 5,200 ரூபாய்.

பிரிந்துபோன டீமின் மேல் லீடர்ஷிப் போனஸ் என்று 4 சதவீதம் உண்டு. இரண்டு லட்சத்துக்கு 8,000 ரூபாய். ஆனால் மிச்சம் இருக்கும் டீம் தனியாக ஒரு லட்சம் செய்தால்தான் அது கிடைக்கும். என்னிடம் இருந்தது 90,000. பத்தாயிரம் குறைந்ததால் எட்டாயிரம் வரவில்லை.

வருமானம் போனதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. அந்த பின்னுக்காக அக்கா என்ன செய்தார் என்று இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பலகாரம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி கோலி, ஒரே அறைதான் வீடு. கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகள், பீரோவுக்கு மேலே அட்டைப்பெட்டிகள், பாத்திரம் கழுவும் மோரி ஓரத்தில் லிக்விட் கேன்கள். அவர் பையன் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். கடைசி நாள் ராத்திரி 18,000 ரூபாய் குறைந்திருக்கிறது. சீட்டு எடுத்த பணத்தில் தன் பெயரிலேயே பில் போட்டிருக்கிறார். ஒரு புரோட்டீன் டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பி அடியில் இருந்த எக்ஸ்பைரி தேதியைக் காட்டினார். ஒன்பது மாதம் இருந்தது. "அதுக்குள்ள வித்துடுவேன்ல?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். தலையாட்டியிருக்கக் கூடாது.

ஏனென்றால் மறு மாதம் அவர் டீம் 1,10,000-க்கு இறங்கிவிட்டது. வீட்டில் அடுக்கியிருப்பதை விற்ற பிறகுதானே புதிதாக எடுக்க முடியும்? அவருக்கு 12 சதவீதம்தான் வந்தது. எங்கள் திட்டத்தில் ஒருமுறை பிரிந்த டீம் பிரிந்ததுதான், விற்பனை குறைந்தாலும் திரும்ப வந்து சேராது. மாதாமாதம் கணக்குப் பார்த்து, லெவல் இறங்கினால் பழையபடி மேலே இருப்பவர் கணக்கிலேயே சேர்க்கும் திட்டங்களும் உண்டு. எங்களுடையது அப்படி இல்லை. பெயர் லீடர், கையில் வருவது பழைய வருமானத்துக்கும் கீழே.

அவர் டீமில் இருந்த பெண்கள் எல்லோரையும் அதுவரை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். டெமோவுக்குக் கூடப் போவேன், கஸ்டமர் சண்டை போட்டால் நானே பேசுவேன். டீம் பிரிந்த பிறகு அந்தக் கவனம் குறைந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் ஒரு லட்சத்தை எட்ட வேண்டும் என்று தாராவிக்கும் செம்பூருக்கும் அலைந்தவளுக்குக் கோலிவாடா பக்கம் போகக் கால் வரவில்லை. அக்காவுக்கோ பதினாறு பேரை ஒற்றை ஆளாகப் பார்த்துப் பழக்கமில்லை. அடுத்த தீபாவளிக்குள் அதில் ஐந்து பேர்தான் மிச்சம். நான் புது ஆட்களைத் தேடி ஓடியதில் தாராவி லெக்கும் மெல்ல மெல்ல கரைந்துபோனது. ஒரு பிரமோஷனில் இரண்டு டீம் போச்சு.

இது எங்கள் கம்பெனியில் மட்டும் நடப்பதில்லை. படிப்படியாக ஏறிப் பிரியும் திட்டம் இருக்கும் இடமெல்லாம் இந்த முடிச்சு இருக்கும். அது அங்கே உட்கார்ந்திருக்கும் ஆட்களின் மனசையும் மாற்றிவிடுகிறது. யாரைத் தூக்கிவிட்டால் தன் வருமானம் போகுமோ அவரை முழு மனதோடு தூக்கிவிட எத்தனை பேரால் முடியும்? நான் பார்த்திருக்கிறேன், நன்றாக ஓடும் ஒரு பெண்ணின் லெக் உடையக் கூடாது என்று புது ஆட்களை அவளுக்குக் கீழே போடாமல் வேறு லெக்கில் போடுவார்கள். இதற்கு நேர் எதிரும் நடக்கிறது. மேலே இருப்பவருக்கு அடுத்த பின் வாங்க இத்தனை லெக் உடைந்திருக்க வேண்டும் என்று விதி இருந்தால், யாரையாவது பிடித்து, அவர் ஐடிக்குக் கீழே முன்பின் தெரியாத ஆட்களை எல்லாம் போட்டு, மாதக் கடைசியில் ஸ்டாக் வாங்க வைத்து, அவசர அவசரமாக ஏற்றிவிடுவார்கள். இரண்டிலுமே அந்தப் பெண்ணுக்கு எது நல்லது என்ற கேள்வி எழுவதே இல்லை.

இடது வலது என்று இரண்டே லெக் வைக்கும் பைனரி திட்டத்தில் இந்த உடைசல் கிடையாது, அங்கே விற்பனை குறைந்த பக்கத்தை, வீக் லெக்கை, பற்றிய கவலை. அதைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை, விட்டுவிடுகிறேன்.

சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978-லேயே வந்துவிட்டது. நேரடி விற்பனைக்கென்றே நுகர்வோர் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு 2021 டிசம்பர் 28-ல் வெளியிட்டது. ஆள் சேர்த்தாலே பணம் என்று ஓடும் பிரமிட் திட்டம் கூடாது, அடையாள அட்டை இல்லாமலும் முன்கூட்டிச் சொல்லாமலும் கஸ்டமர் வீட்டுக்குப் போகக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு அந்த விதிகள் மேல் மரியாதை உண்டு. அவை வந்த பிறகு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து படி ஏறுகிறோம். ஆனால் ஆள் சேர்ப்பதற்குப் பணம் கொடுக்கிறார்களா, பொருளை விற்பதற்குக் கொடுக்கிறார்களா என்பதுதான் சட்டம் முக்கியமாகப் பார்க்கும் விஷயம். ஆன்டாப் ஹில்லில் ஒருத்தி நடுராத்திரி தன் பெயரில் பில் போட்டால் காகிதத்தில் அதுவும் விற்பனைதான்.

அமெரிக்காவில் ஆம்வே என்ற டைரக்ட் செல்லிங் நிறுவனத்தின் மேல் நடந்த வழக்கில் அங்கத்திய வர்த்தக ஆணையம் 1979-ல் தீர்ப்புச் சொன்னது. அது பிரமிட் இல்லை என்று முடிவு செய்தபோது ஆணையம் கணக்கில் எடுத்துக்கொண்டவற்றில் அந்த நிறுவனத்தின் சில விதிகளும் உண்டு. வாங்கிய பொருளில் குறைந்தது 70 சதவீதத்தை விற்றிருந்தால்தான் போனஸ், மாதம் பத்து சில்லறை வாடிக்கையாளருக்காவது விற்றிருக்க வேண்டும், விற்காத ஸ்டாக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்த பத்து கஸ்டமர் கணக்கு. மாதாமாதம் பத்து வீடு என்றால் நாலு தெரு நடக்க வேண்டும். பணம் இருக்கிறது என்பதற்காக ஒரே ராத்திரியில் லெவலை வாங்கிவிட முடியாது.

அதனால் நான் எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். கம்பெனி கேட்பது தொகையை மட்டும்தான். நான் கேட்பது, அவளுக்குக் கீழே அவள் கூட இல்லாமலே டெமோ செய்து விற்கக்கூடியவர்கள் மூன்று பேராவது இருக்கிறார்களா, சென்ற மாதம் வாங்கிய கஸ்டமர் இந்த மாதமும் வாங்கினாரா, வீட்டில் விற்காமல் எவ்வளவு கிடக்கிறது. இந்த மூன்றும் சரியாக இருந்து ஏறினால் லெக் உடைந்தாலும் அவள் நிற்பாள். உடைந்த பிறகும் ஆறு மாதம் அவள் டீம் மீட்டிங்குக்கு நான் போவேன், கமிஷன் வந்தாலும் வராவிட்டாலும். கம்பெனிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: ஒரு டீம் பிரிந்த முதல் ஆறு மாதத்துக்காவது, தூக்கிவிட்டவருக்கு அந்த ஒரு லட்ச நிபந்தனையைத் தளர்த்துங்கள். அப்போதுதான் கீழே இருப்பவர் வளர்வதை மேலே இருப்பவர் பயமில்லாமல் பார்க்க முடியும்.

இனி ஆன்டாப் ஹில் தங்கச்சிக்கு. நீ நேற்று 1,89,000 செய்திருந்தாய். நீ ஏறினால் எனக்கு மாதம் பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் கிட்டே குறையும். என்னிடம் மிஞ்சுவது 65,000, லீடர்ஷிப் போனஸும் வராது. அதனால்தான் அக்கா தடுக்கிறாள் என்று நீ நினைத்திருப்பாய். அப்படி நினைப்பது உன் தப்பில்லை, இந்தத் திட்டத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். என் கணக்கு முழுவதையும் உன்னிடம் காட்டுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. நீ ஏறத்தான் போகிறாய், அதை நிறுத்த என்னாலும் முடியாது, நிறுத்தவும் மாட்டேன். உனக்குக் கீழே தனியாக விற்கக்கூடியவர்கள் இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள். வடாலா டெப்போ பக்கம் இருக்கும் அந்தப் பெண் இன்னும் கஸ்டமர் முன்னால் விலை சொல்லவே தயங்குகிறாள். அவளோடு நாலு வீடு நாம் இரண்டு பேருமே போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்துவிடு. உன் கஸ்டமர் நோட்டைக் கொண்டுவா. இரண்டாவது முறை வாங்கியவர்கள் பேருக்கு எதிரே பச்சைப் பேனாவால் டிக் போட்டுப் பார்ப்போம். கோலிவாடா அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.