ஓராண்டு தொடாத பொருளைத் தூக்கிப் போட வேண்டுமாம்!

சிறிய வீட்டைப் பெரியதாகக் காட்டுவது எப்படி என்று வகுப்பெடுக்க வருகிறவர்கள், முதலில் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிரங்குப் பெட்டியை, யாரையும் எழுப்பாமல், எதையும் நகர்த்தாமல் வெளியே இழுத்துக் காட்டட்டும், பிறகு பேசலாம்.

பெங்களூரில் மூன்று படுக்கையறை வீட்டில் கணவனும் மனைவியுமாக இரண்டே பேர் வாழும் என் கணவரின் சித்தப்பா மகள், போன மாதம் இங்கு வந்து எங்கள் பரணைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனாள். போனவள் சும்மா இருந்திருக்கலாம். இன்று காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில், சொந்தபந்தம் அத்தனை பேரும் பார்க்கும்படி, “அண்ணி, ஒழுங்குபடுத்திய பிறகு வீடு எப்படி இருக்கிறது என்று ஒரு படம் போடுங்கள்” என்று கேட்டிருக்கிறாள். அதற்குக் கீழே இதுவரை வாழ்நாளில் ஒரு முறம் கூடத் தூக்கி வைத்திராத மூன்று மாமாக்கள் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறார்கள்.

சைதாப்பேட்டையில் தரைத்தளத்தில் இருக்கும் எங்கள் வீடு, பத்திரத்தின்படி 850 சதுர அடி. அதில் நாங்கள் ஏறவே ஏறாத மாடிப்படியில் எங்கள் பங்கு, மொட்டை மாடித் தொட்டி அறையில் எங்கள் பங்கு எல்லாம் அடக்கம். சுவருக்குள் கால் வைத்து நடக்கக்கூடிய இடத்தை, அதாவது கார்ப்பெட் ஏரியாவை, அளந்து சொல்லித்தான் விற்க வேண்டும் என்ற சட்டம் 2016இல்தான் வந்தது. எங்கள் கட்டடம் அதற்கு வெகுகாலம் முன்பே எழும்பிவிட்டது. ஆக, காற்றில் கொஞ்சம், படிக்கட்டில் கொஞ்சம் போக மிஞ்சியதில் மாமனார், மாமியார், மூத்தவர் குடும்பத்தில் நான்கு பேர், நாங்கள் மூன்று பேர் என ஒன்பது பேர் வாழ்கிறோம்.

வந்தவள் வாசற்படியிலேயே தன் கொள்கையை அறிவித்தாள். ஓராண்டாகத் தொடாத பொருள் எதுவும் வீட்டுக்குத் தேவையில்லையாம். வீட்டுப் பத்திரமும் சான்றிதழ்களும் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் உள்ளே வந்ததிலிருந்து பரணில்தான் இருக்கின்றன. அவற்றை நாங்கள் தினமும் எடுத்துக் கொஞ்சுவதில்லை. எறிந்துவிடலாமா? குளியலறைக்கு வெளியே நிற்கும் நீல டிரம்மைக் கண்டு முகம் சுளித்தாள். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த காலத்தில் வாங்கிய டிரம் அது. 2024இல் அவளுடைய பெங்களூரில் தண்ணீருக்கு அல்லாடியபோது, “அண்ணி, நல்ல டிரம் எங்கே கிடைக்கும்?” என்று என்னிடம் கேட்டவளும் அவள்தான்.

சரி, பரணுக்கு வருவோம். பரணில் ஏற ஏணி வேண்டும். ஏணி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிறது. அதை உருவக் கட்டிலை அரை அடி நகர்த்த வேண்டும். கட்டிலை நகர்த்த மாமனார் எழுந்திருக்க வேண்டும். மாமனார் எழுந்திருக்கச் செய்தித்தாளில் வரி விளம்பரம் வரை படித்து முடித்தாக வேண்டும். அவர் முடித்தார், எழுந்தார், ஆனால் எங்கே போய் உட்காருவது என்று கேட்டார். கூடத்தில் ஓர்ப்படியின் பையன் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஆகவே அவரைச் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு அமர்த்தினோம். அதன் பிறகு சமையலறைக்குள் போன எல்லோரும் அவரைத் தாண்டித்தான் போனோம், ஒவ்வொரு முறையும் அவர், “நான் வேண்டுமானால் கோயிலுக்குப் போய்விடட்டுமா?” என்று கேட்டார்.

பரணிலிருந்து எல்லாம் கூடத்துக்கு இறங்கின. வைத்துக்கொள்வது, கொடுத்துவிடுவது, எறிவது என்று தரையில் மூன்று இடம் ஒதுக்கினாள். எறியும் குவியலில் ஒரு பொருளை வைத்த கையோடு அவள் அடுத்ததற்குத் திரும்புவாள். அவள் முதுகுக்குப் பின்னால் மாமியார் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். மூடி இல்லாத சம்படம் வந்தது: “மூடி எங்கேயாவது இருக்கும்.” சம்படம் இல்லாத மூடி வந்தது: “சொன்னேனா இல்லையா!” போட்டுப் பார்த்தார், பொருந்தவில்லை, இரண்டும் மடிக்குப் போயின. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது, இனிமேல் கிடைக்காது என்று மடித்து மடித்து ஒரு கட்டைப் பைக்குள் அடைத்து வைத்திருந்த புதையல் வந்தது. அரசு கொடுத்த விலையில்லா கிரைண்டர், மேலே அன்றைய முதலமைச்சர் படத்தோடு, அட்டைப்பெட்டி பிரிக்காமல் வந்தது. “பேத்தி கல்யாணத்துக்கு ஆகும்.” பேத்தி ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

பிறகு அந்தத் தூக்குவாளி வந்தது. அடி நசுங்கி, கைப்பிடி ஒரு பக்கம் கழன்று, எறிவதற்கென்றே பிறந்த எவர்சில்வர் தூக்குவாளி. “இதையுமா வைத்திருக்கிறீர்கள்?” என்று சிரித்துக்கொண்டே உயர்த்திப் பிடித்தாள். மாமியார் வாயே திறக்கவில்லை. வாளியின் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: அவளுடைய அப்பா பெயர், அம்மா பெயர், எங்கள் திருமண நாள். பேச்சு நின்றது. வாளி மெல்ல வைத்துக்கொள்ளும் குவியலுக்கு நகர்ந்தது. எங்கள் வீட்டில் பாத்திரங்கள் பாத்திரங்கள் அல்ல, உறவினர்கள் என்பதும், எதை எறிந்தாலும் ஏதோ ஓர் அத்தை அடுத்த விசேஷத்தில் அதை விசாரிப்பாள் என்பதும் அவளுக்கு அப்போதாவது விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. ஆனானப்பட்ட தூக்குவாளி தப்பிய பிறகும், ஏதாவது ஒன்றை எறிந்தே தீருவது என்ற வெறி அவளுக்கு இருந்தது.

எறிந்தாள். எதை? கூடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வக்கீல் இருந்தபோது, ஒன்பது பேருக்கும் அவளுக்குமாகப் பூரி போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்ற என் பொருளுக்கு மட்டும் வாதாட ஆள் இல்லை. குழந்தைகளுக்குச் சட்டை தைத்தபோது மிஞ்சிய துணிகளை நிறவாரியாகக் கட்டி, மெத்தை விரிப்பு தைப்பதற்காக ஒரு மூட்டையாக வைத்திருந்தேன். பழைய பேப்பர்க்காரர் அதை எடைக்குக் கூட எடுத்துக்கொள்ளவில்லையாம். சும்மா வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த இடம் பரணில் ஒன்றரை அடி. இப்போது அங்கே கிரைண்டர் பெட்டி கம்பீரமாக அமர்ந்திருக்கிறது.

இது போதாதென்று, ஊருக்குத் திரும்பிய கையோடு மூடி போட்ட பெட்டிகள் நான்கை இணையத்தில் வாங்கி அனுப்பினாள், பெயர்ச்சீட்டுகள் சகிதம். முன்பெல்லாம் மின்சாரம் போன இருட்டிலும் மாமியார் கையை நீட்டினால் இடியாப்ப அச்சு கையில் வந்து நிற்கும். நேற்று ‘பல்வகை’ என்று ஒட்டிய இரண்டு பெட்டிகளையும் கொட்டித் தேடியும் பெரிய குக்கரின் காஸ்கெட் அகப்படவில்லை. கடைசியில் அது ‘பூஜை’ பெட்டியில், கற்பூரத் தட்டைச் சுற்றி மாலை போலக் கிடந்தது. நானும் ஓர்ப்படியும் அதைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் மாமனார் கட்டிலிலிருந்து எழுந்தே வந்துவிட்டார், செய்தித்தாள் முடியாமலே.

படம் வேண்டுமாம், படம். படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து நிற்க இடம் வேண்டாமா? வாசலுக்கு வெளியே போய் நின்று எடுக்கலாம் என்றால், அங்கே ஒன்பது பேர் செருப்பு. மாடிப்படிக்கு அடியில் செருப்பு வைத்தால் அபராதம் என்று குடியிருப்போர் சங்கம் தாள் ஒட்டியிருக்கிறது. அந்தத் தாளை ஒட்டியதே அங்கே பல மாதமாக நிற்கும் செயலாளர் வீட்டு உடைந்த வாஷிங் மெஷினின் மேல்தான். அந்தப் படிக்கட்டில் பத்திரப்படி எனக்கும் சதுர அடி இருக்கிறது, ஐயா!